தவறவிட்ட இரண்டு பரிசோதனைகள்

சார், முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், தாள்கள் பறக்கின்றன. நான் சொல்வது ஒழுங்காகப் பதிவாக வேண்டும்.

மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் கணினி அட்டவணை என் பொறுப்பு. ஒருவருக்கு ஒரு வரிசை. வயது, ரத்த வகை, வீட்டுத் தூரம், வராமல் விட்ட பரிசோதனைகள் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் யாரும் கை வைக்க முடியாது. என் ஃபார்முலா ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்து, 'அழை' அல்லது 'காத்திரு' என்று அதுவே போட்டுக்கொள்ளும். சிறுநீரகம் ஒன்று கிடைத்தால், 'அழை' என்று இருப்பவர்களைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

என் அக்கா வீட்டுக்காரரும் அதில் ஒரு வரிசை. "பொட்டி தட்டுறதெல்லாம் ஒரு வேலையா மச்சான்?" என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்டவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டு என் மனைவியும் சிரித்துவிட்டாள். அந்த மனுஷனை எனக்கு அறவே பிடிக்காது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மூன்று பரிசோதனைக்கு வராவிட்டால் 'காத்திரு' என்பது டாக்டர்கள் வைத்த விதி. அத்தான் இரண்டைத்தான் தவறவிட்டிருந்தார். நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன். வயது ஐம்பத்து மூன்று, வீடு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், தவறியது இரண்டு என்றாலும் 'காத்திரு'. அவர் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

ஐந்து மாதத்தில் அவருக்குப் பொருந்தக்கூடிய சிறுநீரகங்கள் நான்கு வந்தன. அக்கா போன் செய்தாள்.

"டேய், உங்க அத்தானை ஏன்டா இன்னும் கூப்பிடல? கொஞ்சம் பாரு."

"பாக்குறேன்க்கா" என்றேன். பார்த்தேன். 'காத்திரு' என்றுதான் இருந்தது.

அவர் சாவுக்கு நான்தான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் 'பழிவாங்கல்' என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். சேமிக்கும் முன் சோதித்தபோது, முந்நூறு வரிசையில் அவர் ஒருவர்தான் மாட்டினார். ஒரே ஆளைக் குறிவைப்பது அநியாயம் என்று மனசு உறுத்தியது. வயதை 'ஐம்பதுக்கு மேல்' என்று தளர்த்தினேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் பள்ளி வேன் ஓட்டுகிற அம்மா. இரண்டு பேரும் அத்தானுக்கு முன்பே இறந்துபோனார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

என் வேலையில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை, சார்.