ஓரத்துக் குவியல்

நல்ல உரத்துக்கு நாற்றம் கிடையாது. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற உங்கள் ஆட்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள், ஐயா. கைக்குட்டை தேவைப்படாது. மழை விட்ட தரையின் வாசம்தான் வரும். முறைப்படி செய்தால் அப்படித்தான், நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

அப்பா விட்டுப்போன பால்பண்ணை இது. எனக்கும் அண்ணனுக்கும் பொது. மாடு அவன் பொறுப்பு, வண்டியும் இயந்திரமும் என் பொறுப்பு. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். அண்ணன் எல்லா மாட்டையும் பாடித்தான் கறந்தான். மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வாய் திறக்காமல் ஏதோ முனகுவான். கறக்கும் இயந்திரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "எனக்கு ஒரு பாட்டு பாடினதில்ல, அதுங்களுக்குன்னா தினம் கச்சேரி" என்று அண்ணி கேலி செய்வார்.

பால் கம்பெனி வண்டி வருவது நின்றுபோனது. கறந்த பாலை வாய்க்காலில் ஊற்றினோம். சாண எருவுக்கு மட்டும் ஆட்கள் வந்து நின்றார்கள். உரப் பண்ணையாக மாற்றிவிடலாம் என்றேன்.

"மாட்ட என்ன பண்றது?"

"வித்துடலாம்ணா."

"கறிக்குத்தான் போகும்."

"போனா போகட்டும்."

அவன் கோபப்படவில்லை. "நீ வேணா உரம் போடு. கொட்டகையில கை வைக்காத" என்றான்.

கூரையும் கெட்டித் தரையும் இல்லாமல் உரம் போட முடியாது; இரண்டும் கொட்டகையில்தான் இருந்தன. நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

மாடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் நான் கலந்தது என்னவென்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன். கிழட்டு மாடுகள் முதலில் போயின. கறிக்கடையில் போவதைவிட, சொந்தக் கொட்டகையில் அண்ணன் கழுத்தைத் தடவிக்கொடுக்க உயிர் விடுவது நல்ல சாவுதானே? அவன் ஒவ்வொன்றுக்கும் அழுதான். ஒவ்வொரு தடவையும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

புதைக்கலாம் என்றான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடும் என்று தடுத்தேன். மரச்சீவலை மெத்தை மாதிரிப் பரப்பி, மாட்டைக் கிடத்தி, மேலே ஆள் உயரத்துக்குச் சீவலும் சாணமும் போட்டு மூடினால் போதும். உள்ளே தானாகச் சூடு ஏறும். சில மாதத்தில் பெரிய எலும்பு தவிர ஒன்றும் மிஞ்சாது. முதல் குவியலைப் பிரித்தபோது அண்ணனே அந்தக் கருப்பு மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தான். "இவ்ளோ சுத்தமாவா போகும்?" என்றான்.

கடைசியாகச் செத்தது செவலை. இளம் பசு, நோய்நொடி கண்டதில்லை. அங்கேதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. பரிசோதிக்க அதன் ஈரலில் ஒரு துண்டு எடுத்துவருவதாக மாட்டு டாக்டருக்குப் போன் செய்திருக்கிறான். டாக்டர் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

மத்தியானம் நான் லோடர் வண்டியில் சீவல் அள்ளிவந்தபோது, செவலையை மூடிய அந்த ஓரத்துக் குவியலுக்குள் இடுப்பளவு பள்ளம் பறித்து நின்றிருந்தான். அவனைச் சுற்றி ஆவி பறந்தது.

"மேல வாண்ணா. சூடு தாங்காது."

"தொட்டியக் கழுவிடாதடா. அப்படியே இருக்கட்டும்." சத்தம் போடவில்லை. "உங்க அண்ணிகிட்ட சொல்லல. இன்னும் சொல்லல."

அந்த 'இன்னும்' என்னை விடவில்லை, ஐயா. மன்னிக்கத்தான் இடம் வைத்திருந்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது மிரட்டலாகத்தான் கேட்டது. லோடரின் வாய் நிறையச் சீவல் இருந்தது. லீவர் என் கையில் இருந்தது.

மாடு போன துக்கத்தில் எங்கேயோ போய்விட்டான் என்று அண்ணியிடம் சொன்னேன். "மாட்டோட மாடா வாழ்ந்த மனுசன். எங்கயாவது மாடு பக்கத்துலதான் இருப்பாரு" என்றார். ஒரு வகையில் அது சரிதான். செவலை பக்கத்தில்தானே இருந்தது.

தொழில் நன்றாகவே நடந்தது. அந்தக் குவியலிலிருந்து மட்டும் நான் யாருக்கும் விற்கவில்லை. அண்ணிதான் வந்து கேட்டார். "ஓரத்துல இருக்கறது நல்லா கருப்பா இருக்கே தம்பி. ரெண்டு கூடை குடுங்க, பூசணி போடறேன்." எப்படி இல்லை என்பது? முதல் உரிமை அவருக்குத்தானே. நானே சலித்து, நானே சுமந்துபோய்க் கொட்டினேன். கொடி கூரை ஏறிக் காய்த்தது. முதல் காயை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அது என் மேசை மேலேயே இருந்து அழுகியது.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. வேலை முடிந்தால் குவியல் ஆறிவிட வேண்டும். மற்றவையெல்லாம் ஆறின. ஓரத்துக் குவியல் மட்டும் ஆறவில்லை. தண்ணீர் விட்டேன், புரட்டிப் போட்டேன். காலையில் கை வைத்தால் மாட்டின் விலா மாதிரி வெதுவெதுவென்று இருக்கும். உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும். குவியலுக்குக் காற்று ஊதும் மோட்டார்தான் என்று நினைத்து அதை நிறுத்திப் பார்த்தேன். முனகல் நிற்கவில்லை. போகப் போக, தினம் அதில் நெற்றியை வைத்துக் கேட்காமல் எனக்கு வேலை ஓடவில்லை. அண்ணி ஒருநாள் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, உங்க அண்ணன் கறக்கற மாதிரி நிக்கறீங்க?" என்று சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் பூசணிக்கொடி வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தது. டாக்டரைத் தேடிப் போனதும், உங்களிடம் வந்ததும் அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாரம் கொட்டியதும் அவன் சாய்ந்துவிட்டான். முழுதாக மூட இன்னும் சில பாரம் தேவைப்பட்டது. மூடின பிறகு குவியல் அசைந்தது. புதுக் குவியல் கீழே அமுங்குவது இயல்புதான். இது மேலே எழும்பியது. நான் இன்ஜினை அணைத்து இறங்கி வந்து, அது அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். "சரியாப் போயிடும்ணா, சரியாப் போயிடும்" என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் அண்ணனை நான் தனியாகச் சாக விடவில்லை.