வெந்நீர்த் தொட்டியில் முதல் ஆள்

கொல்லிமலைக் குளிரில் வெந்நீர்க் குளியல் யாருக்குத்தான் பிடிக்காது. குப்பாயிக்கும் பிடித்திருந்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நான் பேளுக்குறிச்சிக்காரன். மீசை முளைக்கும் முன்பே கல் சுமந்தவன்; பிறகு கட்டட மேஸ்திரி. மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் இந்த விடுதியைக் கட்டியதும் நான்தான். முடிந்ததும் முதலாளி என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குப்பாயி அங்கே கூட்டித் துடைக்கிறவள்.

குமிழி விடும் வெந்நீர்த் தொட்டியில் சளி மாதிரி ஏதோ மிதக்க ஆரம்பித்தது. நாமக்கல்லிலிருந்து வந்த மெக்கானிக் இமானுவேல், குழாய் வாயில் விரலை விட்டு வழித்துக் காட்டினான்.

“இது பாசி இல்லீங்கண்ணா, கிருமி. குழாய் பூரா அப்பிக் கெடக்குது. குளோரின் கொட்டுனா மேலாப்புலதான் சாகும். ஆவியோட நெஞ்சுக்குள்ள போச்சுன்னா ஆளையே தூக்கிரும். தொட்டிய மூடிப்போட்டுக் குழாயக் கழட்டோணும்.”

“சீசன்ல மூடிப்போட்டா, வர்றவங்களுக்கு நீ வந்து முதுகு தேச்சு உடுவியா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னதை நான் நம்பினேன். நம்பாதவனாக இருந்தால் விருந்தாளிகளை நேரே இறக்கிவிட்டிருப்பேன். நம்பியதால்தான் தினமும் காலையில் குப்பாயியை முதலில் உட்காரவைத்தேன். அவள் இருமினால் அன்றைக்குத் தொட்டி கிடையாது. தண்ணீரை மாற்றி மருந்து ஊற்றுவோம். இருமாவிட்டால் திறந்துவிடுவோம். அவளிடம் முட்டிவலிக்கு நல்லது என்று மட்டும் சொன்னேன்.

“ஏனுங்க மேஸ்திரி, என்னை மகாராணி ஆக்கிப்போட்டீங்க. அப்படியே காலமுக்க ஒரு ஆளைப் போடுங்க” என்றாள். வலி குறைந்ததாகவும் சொன்னாள். அது பொய்யில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது.

“இன்னைக்கு முடியலீங்க. மூச்சு வாங்குது.”

“வெந்நீர்ல உக்காந்தாச் சரியாயிரும், கண்ணு.”

இறங்கினாள். அதற்கப்புறம் எந்நேரமும் இருமிக்கொண்டே இருந்தாள். அவளை வைத்துத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. லீவு கொடுத்து அனுப்பினேன். மலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கம் இருக்கும் அவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நுரையீரல் முழுக்க நீர் என்றார்கள். திரும்பி வரவில்லை.

விருந்தாளிகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விசாரித்துப் பாருங்கள். குப்பாயி செத்தது என்னால்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தை நான் கைவிடவில்லை. அவள் மகள் சங்கீதாவுக்கு அதே வேலையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை அவள் இருமவில்லை. தொட்டியைத் திறந்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.