உள்ளேயே விட்ட வயர்

— கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் டாக்டர். பழைய வயர அப்படியே விட்டுட்டு, பக்கத்துலயே புதுசா ஒண்ணு ஓட்டிர முடியாதா? முப்பது வருஷமா வீடு வீடா வயரிங் பண்ணவன் நான். பைப்புக்குள்ள இறுகிப்போன வயர நாங்க இழுக்கவே மாட்டோம்.

— உங்க பைப்புல சீழ் பிடிக்காதுங்களே. பேஸ்மேக்கர் வெச்ச இடத்துல ஆரம்பிச்ச கிருமி, வயர் வழியா இதயம் வரைக்கும் போயிருச்சு. வயர் உள்ள இருக்கற வரைக்கும் எந்த மருந்துக்கும் அது முழுசா அடங்காது.

— நல்லா சொல்லுங்க டாக்டரம்மா. ரெண்டு மாசமா சட்டைக்குள்ள பஞ்சு வெச்சு மறைச்சிருக்கார். துவைக்கும்போது என்ன கறைன்னு கேட்டா கிரீஸுங்கறார். கட்டின பொண்டாட்டி காதுலயே பூ சுத்தறார்.

— நீ கொஞ்சம் சும்மா இரேன்.

— இத்தனை நாள் சும்மா இருந்துதான் இங்க வந்து நிக்கறோம். இழுக்கும்போது என்ன ஆகும் டாக்டரம்மா? மறைக்காம சொல்லுங்க.

— ரெண்டு வயர் இருக்கும்மா. ஒண்ணு ஆறு வருஷத்துது, அதுல பெரிய கஷ்டம் இருக்காது. இன்னொண்ணு பதினேழு வருஷம் பழசு. ஆறு வருஷம் முன்னாடி அது பழுதானப்ப எடுக்காம, முனைய மூடி உள்ளயே விட்டிருக்கு. இப்ப ரத்தக்குழாயோட ஒட்டிப்போச்சு. வயர் மேல ஒரு குழாய மாட்டி, லேசரால கொஞ்சம் கொஞ்சமா பிரிச்செடுக்கணும். பெரும்பாலும் நல்லபடியா வந்துரும். ரத்தக்குழாய் கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. அதுக்காக நெஞ்ச திறக்கறதுக்கும் ஆள் தயாரா பக்கத்துலயே நிப்பாங்க.

— அன்னிக்கே எடுத்திருந்தா இந்த வம்பு உண்டா? எவனோ ஒரு டாக்டர், வேலை முடிஞ்சா போதும்னு விட்டுட்டு போயிருக்கான்.

— அது நான்தாம்மா. அப்ப வேற ஆஸ்பத்திரில இருந்தேன். மூஞ்சிய மூடியிருந்ததால உங்களுக்கு அடையாளம் தெரியல. அன்னிக்கு இழுக்க பயந்துட்டேன். விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். வேற டாக்டர்கிட்ட போறதுன்னா நானே எழுதித் தரேன். மனசுல எதுவும் வெச்சுக்க மாட்டேன்.

— ஏங்க, காதுல விழுந்துச்சா? எந்திரிங்க, போலாம்.

— உக்காரு. எனக்குத் தெரியும். பழைய சீட்டுல பேரு இருக்கு.

— தெரிஞ்சுமா வந்தீங்க?

— இவங்க எங்க மாறிப் போனாங்கன்னு விசாரிக்கத்தான் ரெண்டு மாசம் ஆச்சு. உன்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கே தெருமுனை டாக்டர்கிட்ட தரதரன்னு இழுத்துட்டு போயிருப்ப.

— அதுக்காக சீழோட திரிவாங்களா? என்ன மனுஷங்க நீங்க.

— தப்புதான், தப்புதான். டாக்டர், உள்ளயே விட்டுரலாமான்னு நான் கேட்டது, நீங்க இன்னமும் பயப்படறீங்களான்னு பாக்கத்தான். எந்த வளைவுல எப்படி விட்டோம்னு உள்ள விட்டவங்களுக்குத்தானே தெரியும். பேனாவ இப்படி குடுங்க.