‘சேஸ்’ என்ற வினைச்சொல்லும் என் தங்கையும்

ஒலிவாங்கியை மனமில்லாமல் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் ஆளும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மாலைநேர வகுப்பில் ஆங்கிலத்தையே வாயடைக்க வைத்த மாணவச் செல்வங்களே! இந்த மாமனின் மலையளவு வணக்கம்!

உங்கள் ஆசிரியை என் தங்கை மகள். “மாமா, ஆண்டு விழாவுல ‘சேஸ்’ங்கற ஒரே ஒரு வெர்பை விளக்குங்க. அஞ்சே நிமிஷம்!” என்று ஆணையிட்டாள்.

சேஸ் என்றால் என்ன? வெறுமனே ஓடுவதா? ஓடுவதற்குக் கால் போதும்! சேஸ் செய்ய, முன்னால் ஒன்று நழுவ வேண்டும்; பின்னால் ஒருவர் விடாமல் வர வேண்டும். பூனை எலியைச் சேஸ் செய்யும். காவலர் திருடனைச் சேஸ் செய்வார். அலுவலகத்தில் ஃபைலையும் சேஸ் செய்வார்கள். அது மட்டும் நகராமலே தப்பித்துவிடும்!

உதாரணம் வேண்டுமா?

“அண்ணே, அத மட்டும் சொல்லிடாதண்ணே!”

கேட்டீர்களா? மூன்றாம் வரிசையில் என் தங்கை. இஸ்திரிக் கடைக்காரி. உட்காரம்மா, மேடை என்னுடையது!

இவள் மகளின், அதாவது உங்கள் ஆசிரியையின், கல்லூரிச் சேர்க்கை நாள். பதினோரு மணிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும். மகள் முன்னதாகவே போய் வரிசையில் நிற்கிறாள். அம்மா சான்றிதழோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. சான்றிதழில் ஒரு சுருக்கம்! பொறுப்பாளா என் தங்கை? தேய்த்த சட்டைகளுக்கு நடுவே அழுத்தி வைத்தாள். அந்த அடுக்கையே காகிதத்தில் சுற்றி ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தும்விட்டாள். அவர் பேருந்து ஏறிவிட்டார்!

ஓடினாள் என் தங்கை! சைக்கிளை முந்தினாள்! மோட்டார் சைக்கிளை முந்தினாள்! தன் மூச்சையே முந்தினாள்! சாலையோர மரங்கள் இரண்டு வேரோடு திரும்பிப் பார்த்தன! என்ன சிரிப்பு அங்கே? மரங்களைக் கேட்டுப் பாருங்கள்!

படியில் நின்ற நடத்துநர் கத்தினார்: “ஏம்மா, அடுத்த பஸ் வருதும்மா!”

“அடுத்த பஸ்ல எம்பொண்ணு சர்டிபிகேட் இல்லையே சார்!”

விசில் பறந்தது. பேருந்து நின்றது. பொட்டலம் பிரிந்தது. மணி பத்தே முக்கால். கல்லூரிக்கோ மூன்று மைல். சான்றிதழோடு அவள் இறங்கத் திரும்பினாள்.

“எங்கம்மா எறங்குற? உக்காரு,” என்றார் ஓட்டுநர்.

அந்தப் பேருந்துக்குக் கல்லூரி வாசலில் நிறுத்தமே கிடையாது. அன்றைக்கு நின்றது! பத்து ஐம்பத்தெட்டுக்கு நின்றது! பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

ஓடிய பேருந்தைத் துரத்தி, அதே பேருந்தில் வெற்றி ஊர்வலம் போனவள் என் உடன்பிறப்பு! சேஸ் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய பொருள் எழுதிய அகராதி இருந்தால் மேடைக்குக் கொண்டு வாருங்கள்!

தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். பொறுத்த உங்களுக்கு நன்றி. பெருமையில் அழுதுகொண்டே என்னை முறைக்கும் என் தங்கைக்குத் தனியாக ஒரு வணக்கம்!