மல்லாட்டைக் கொல்லையில் கிடைத்த சித்தர்

தலைமை தாங்கி, மாலையின் கனம் தாங்கி, இனி என் பேச்சையும் தாங்கப்போகும் ஊர்த்தலைவர் இராமலிங்கம் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! முந்தானையால் சிரிப்பை மூடியிருக்கும் தாய்மார்களே! பந்தலுக்குப் பின்னால் பிரியாணி வேகும் மணத்தில், பாதிக் காதை மட்டும் எனக்குத் தந்திருக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து இளஞ்சிங்கங்களே! வணக்கம்.

எதற்காகக் கூடினோம்? எலும்புக்காக! எரிந்த எலும்புக்காக!

நம்ம ஊர் ஜோதியம்மாள் வேர்க்கடலை போடும் கொல்லையில் தொல்லியல் ஆய்வாளர் மதிவதனி குழி தோண்டினார். சாம்பல் வந்தது. சாம்பலுக்குள் வெந்து வெளுத்த எலும்புகள் வந்தன. கற்கால அடுப்பு என்றார் அவர். கேட்டோமா? அண்ணாமலையைச் சுற்றுகிற ஊர்க்காரர்கள் நாம். சாம்பலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அள்ளினோம், அணிந்தோம், "சித்தரோட விரலுடா!" என்று விழுந்து கும்பிட்டோம். ஜீவசமாதி கட்ட அந்தக் கொல்லையையே குறித்தார் தலைவர். ஊரே கறியை விட்டது. பௌர்ணமிக்கு வேன் வைத்து ஆள் வந்தது!

ஆனால் ஜோதியம்மாளுக்கு இருப்பது அந்த ஒரே கொல்லை. "மல்லாட்ட போடற எடங்க. இதையும் வுட்டுட்டு நான் எங்க போறது?" என்று அவர் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது தலைவர் வீட்டுக் குப்பைமேட்டிலிருந்து ஒரு நாய் ஓடிவந்தது. வாயில் என்ன? ஆட்டுக்கால்! பாயாவில் வெந்த புத்தம்புது ஆட்டுக்கால்! தம்பி, விசில் போதும், தலைவருக்கு வியர்க்கிறது.

மதிவதனி அதைப் பிடுங்கி அடுப்பில் சுட்டார். கறுத்தது. இன்னும் சுட்டார். வெளுத்தது. சித்தர் விரலைப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க, ரெண்டுலயும் நுனி ரெண்டா பிரிஞ்சு உருண்டிருக்கு. குளம்பு ரெண்டா பிளந்த காலுங்க இது. மனுஷ விரல் இப்படி இருக்காது. வெள்ளாடா, செம்மறியானுதான் இன்னும் தெரியல."

"ஐயையோ! அப்ப நான் நெத்தியில பூசினது?" என்றார் தலைவர்.

"அடுப்புச் சாம்பலுங்க" என்றார் ஜோதியம்மாள்.

ஆட்டைக் கும்பிடுவதற்காக ஆட்டுக்கறியை விட்ட ஊர் வேறு எங்கேனும் உண்டா? ஆதியில் இங்கே வாழ்ந்தவர்கள் அடுப்பு மூட்டினார்கள், கறி சுட்டார்கள், கூடித் தின்றார்கள். பெருமைக்கு அது போதாதா? அதற்கு ஒரு பெண்ணின் நிலத்தைப் பிடுங்க வேண்டுமா? குழியை மூடியாயிற்று. மல்லாட்டை விதைத்தாயிற்று. கொல்லை ஜோதியம்மாளுடையது!

அதோ, அண்டா திறக்கிறார்கள். பிரியாணி தலைவர் உபயம்! உண்ட எலும்பை எறியாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மதிவதனி கேட்டிருக்கிறார். தலைவர் இலை எலும்பை மட்டும் அந்த நாய்க்கே விடுங்கள். அந்தக் கொல்லையைக் காத்தது அதுதானே!

இவ்வளவு பசியிலும் கேட்டிருந்தீர்களே, நன்றி. வணக்கம். வாருங்கள் பந்திக்கு!