எடுத்த இடத்திலேயே வைத்தவள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை கல்லூரிக் கண்காட்சி முடிந்து ஊருக்குத் திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. பஸ் மலை ஏறத் தொடங்கியதும் அவள் சொன்னாள்:

"நான் கூப்ட்ட ஒவ்வொரு தடவையும் அது செத்துப் போச்சுக்கா."

"எதுடீ?"

"லேபுல இருக்கிற பழைய கம்ப்யூட்டர். பேசிக்ங்கிற மொழில புரோகிராம் எழுதுன படம் ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு. படம் வரையற துண்டை மட்டும் மிஷினுக்கு நேராப் புரியற அசெம்ப்ளில எழுதி, பேசிக்ல இருந்து கூப்ட்டேன். படம் சட்டுனு வந்துச்சு, உடனே மிஷின் நின்னுடுச்சு."

"அப்புறம் இன்னா பண்ணே?"

"பேசிக் தன் கணக்கை வெச்சிருந்த எடத்துல என் துண்டு பூந்து எழுதிட்டு இருந்துச்சுக்கா. அதனால என் துண்டு உள்ள போனதுமே பேசிக்கோட கணக்கை எடுத்துப் பத்திரமா அடுக்கிட்டேன். வேலை முடிஞ்சதும் கடைசியா அடுக்குனதை மொதல்ல எடுத்து, எல்லாத்தையும் இருந்த எடத்துலயே வெச்சுட்டுத் திரும்புனேன்."

"உங்க லேப் மேடம் இன்னா சொன்னாங்க?"

"மொதல்ல அசெம்ப்ளியே வேணாம், மெதுவாவே ஓடட்டும்னாங்க. நான் விடல. இன்னிக்கு கண்காட்சில ஒரு தடவகூட நிக்கல. யார் எழுதுனதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் மேடமே என்னைக் காட்டி, 'ஜவ்வாது மலைப் பொண்ணு'ன்னாங்க."

அக்கா தங்கை பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு போன் பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"பண்ணாத. வூட்டுக்குப் போனதும் நான்தான் சொல்லுவேன். அந்த எடுத்து வெச்சதை மட்டும் இன்னொரு தடவ சொல்லு. தப்பில்லாம சொல்லணும்."