நாற்பத்தொரு மனுஷமீன்

— ஏழு, டாக்டரம்மா! பத்தொன்பது வருஷம் இந்தக் குகைத் தண்ணிக்குள்ள முங்கி நான் எண்ணின மனுஷமீன் ஏழே ஏழு. நீங்க வந்தீங்க, ஒரே முங்குல நாப்பத்தொண்ணு!

— அதுக்கு நான் என்ன பண்ணட்டும், மிலிவோய் அண்ணே? உங்க சிலிண்டர் மூச்சுக்கு மூச்சு குமிழியைக் கக்குது. அது கூரையில முட்டி சேறு கொட்டுது. மனுஷமீன் பல்லி மாதிரி கண்ணில்லாத ஜீவன், சத்தம் கேட்டதும் இடுக்குல போய் ஒளிஞ்சுக்குது. என் மிஷின் நான் விட்ட மூச்சையே கழுவி எனக்கே திருப்பிக் குடுக்குது. குமிழியே கிடையாது.

— ஆமா, நான் எருமை. நீங்க தேவதை.

— அப்படியா சொன்னேன்?

— மோஸ்தார் டவுன் பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்தான். உங்க போட்டோ அரைப் பக்கம். எம்பேரு கடைசி வரியில. அதை எம்பொண்டாட்டி வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. எம்பேரு இருக்கிற வரி கத்தரியில போயிருச்சு.

— ஐயோ! ல்யூபிட்சா அக்கா நல்லவங்க. இன்னிக்கும் கறி வச்சு பூரெக்கு சுட்டுக் குடுத்து விட்டாங்க.

— அதுவும் உங்களுக்குத்தான். எனக்கு வெறும் ரொட்டி.

— உள்ள முந்நூறு மீட்டரும் நீங்க கட்டின கயித்தைப் பிடிச்சுத்தானே போறேன், அண்ணே?

— கயிறு கட்டினவனை யாரு கேக்குறா.

— சரி, நேரமாச்சு. அஞ்சு நிமிஷம் கரையிலேயே மிஷின்ல மூச்சு விட்டுப் பாத்துடறேன். குழாய் வாயில இருந்தா பேச முடியாது. நீங்க என் முகத்தைப் பாத்துட்டே ஏதாவது பேசுங்க. தலை சுத்தினா கையைக் காட்டறேன்.

— கசிவு சோதனை?

— முடிஞ்சுது. மூச்சைக் கழுவுற சுண்ணாம்பும் புதுசு. காலையில அந்தப் பாறை மேல வச்சுத்தான் நிரப்பினேன். நீங்க பக்கத்துல இருந்தீங்களே.

— இருந்தேன்.

— ஆரம்பிக்கிறேன்.

— ம்… ஒரு நிமிஷம். நல்லாருக்கா? தலையாட்டுங்க. சரி.

— முதல் மீனை நான் பாத்தப்ப நீங்க பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பீங்க. ஒரு சாண்தான் இருக்கும், வெள்ளை வெளேர்னு. ரெண்டு நாள் யாருகிட்டயும் சொல்லல. எனக்கே எனக்குன்னு வச்சுக்கிட்டேன்.

— ரெண்டு நிமிஷம். என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— மூணு. தலைவலி இல்லையா? மூச்சு வாங்கலையா? நெசமாவா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— யாஸ்னா, போதும். குழாயை எடும்மா. எடுங்கறேன்ல! சுண்ணாம்பு டப்பாவோட ரப்பர் வளையம் என் பாக்கெட்ல இருக்கு. காலையில கீழ விழுந்துச்சு. குடுக்கத்தான் எடுத்தேன்… குடுக்கல. அது இல்லேன்னா கெட்ட மூச்சு சுண்ணாம்புல படாம அப்படியே உனக்குத் திரும்பும். கசிவு சோதனையில அது தெரியாது. எனக்குத் தெரியும்.

— எனக்கும் தெரியும், அண்ணே. நீங்க குனிஞ்சு எடுத்ததைப் பாத்தேன். அப்பவே வேற வளையம் போட்டுட்டேன். உங்க கயித்தை நம்பி உள்ள போகலாமான்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு நேரம் இங்க உக்காந்திருந்தேன்.